மிச்ச மரத்தில் ஒரு நாய் வீடு: சான் ஆன்செல்மோவிலிருந்து அஸ்தம்பட்டி வரை

வழக்கமா இங்க ஒரு ராஜா, ஒரு போர், இல்லன்னா ஒரு பழைய ஊர்னு எடுத்துக்கிட்டுப் பேசுவோம். இன்னைக்குப் பேசப்போறது ஒரு நாய் வீட்டோட வரலாறு. சிரிக்காதீங்க. இதுல உலகப்புகழ் பெற்ற ஒரு கட்டடக் கலைஞர் வர்றார், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு வருது, உச்ச நீதிமன்றமும் வருது. ஆனா ஆரம்பம் மட்டும் எங்க வீட்டுப் பின்கட்டுல.

எங்க வீடு சேலம் அஸ்தம்பட்டியில, ஏற்காடு ரோட்டுலயிருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல இருக்கு. தாத்தா கட்டினது. போன வருஷம் பின்கட்டை இடிச்சு ரெண்டு ரூமா மாத்தினோம். வீட்டை இடிச்சவங்களுக்குத் தெரியும், இடிக்கிறதை விட மிஞ்சின சாமானை என்ன பண்றதுங்கிறதுதான் பெரிய தலைவலி. ஒரு ஜோடி வேப்பமரக் கதவு, அறுபது எழுபது மங்களூர் ஓடு, கொஞ்சம் செங்கல், சமையல் மேடையிலிருந்து பெயர்த்த கடப்பா கல், ரெண்டு தகர ஷீட்டு. அம்மா தினமும் காலையில ஒரு தடவை, "பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டு இடத்தைக் காலி பண்ணுடா"ன்னு சொல்வாங்க. நானும் தினமும் "இந்த வாரம்மா"ன்னு சொல்வேன்.

எங்க சந்துல செவலைன்னு ஒரு நாய் இருக்கு. தெருநாய்தான். எட்டு வருஷமா இருக்கு. யாரும் வளர்க்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். போன ஐப்பசி மழையில எங்க மாடிப்படிக்கு அடியில நாலு குட்டி போட்டுச்சு. ரெண்டாவது நாள் ராத்திரி பெஞ்ச மழையில தண்ணி படிக்கு அடியில ஏறிடுச்சு. காலையில பார்த்தப்போ ரெண்டு குட்டிதான் உயிரோட இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஆபீஸ் கால்ல இருந்தேன். அது குரைச்சது, கதவைப் பிராண்டினது எதுவும் எனக்குக் கேட்கல. அம்மாவுக்கும் தூக்க மாத்திரை. மிஞ்சின ரெண்டு குட்டியையும் ஓமலூர்ல அத்தை வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனோட தோட்டத்துக்கும் அனுப்பினோம். செவலைக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக் கூட்டிட்டு வந்தோம். ஆனா அந்தப் படிக்கு அடியில பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அதனால இந்த வருஷம் மழைக்கு முன்னாடி, மிஞ்சின சாமான்லயே அதுக்கு ஒரு வீடு கட்டினேன். யூடியூப்ல ஒரு பிளான் எடுத்தேன். ரெண்டு சனி ஞாயிறு போச்சு. கதவைப் பலகையா அறுத்து நாலு சுவர், தகரத்துல கூரை, முன்னாடி சின்ன வாசல். வீட்டுக்குப் பின்னாடி மூலையில, மதிலை ஒட்டி வெச்சேன். செவலை வந்துச்சு, மோந்து பார்த்துச்சு, ஒரு சுத்து சுத்துச்சு. அப்புறம் நிதானமா நடந்து போய் வாசப்படியில படுத்துக்கிச்சு.

"நாய் ஏன் நாய் வீட்டுக்குள்ள போக மாட்டேங்குது"ன்னு அன்னைக்கு ராத்திரி தேடினப்போ கிடைச்சதுதான் இந்தக் கதை.

பேப்பர் போடுற பையனின் கடிதம்

1956ஆம் வருஷம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி. அதில் சான் ஆன்செல்மோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ராபர்ட் பெர்கர் என்ற ஓர் ஆசிரியர், மனைவி குளோரியா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். ராபர்ட்டுக்கு ஓர் ஆசை. ஃபிராங்க் லாய்டு ரைட் வரைஞ்ச வீட்டுல குடியிருக்கணும். ஆனா கையில காசு கம்மி. அதனால ரைட்டிடம் அவர் கேட்டது, தானே தன் கையால கட்டிக்கக்கூடிய ஒரு வீடு. ரைட்டும் வரைஞ்சு கொடுத்தார். பெர்கர் வேலை நேரம் போக மிஞ்சின நேரத்துல, வருஷக் கணக்கா, கல்லையும் மரத்தையும் தானே சுமந்து அந்த வீட்டைக் கட்டினார்.

ரைட் யார்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பென்சில்வேனியாவுல அருவிக்கு மேலேயே ஒரு வீட்டை நிறுத்தினாரே, ஃபாலிங்வாட்டர், அவர்தான். 1867ல பிறந்தவர். நம்ம கதை நடக்கும்போது வயசு 89. நியூயார்க்கில் அவரோட குகன்ஹெய்ம் அருங்காட்சியகம் கட்ட ஆரம்பிச்சது அந்த 1956லதான்.

அவ்வளவு பெரிய மனுஷருக்கு, 1956 ஜூன்ல, பெர்கரின் பையன் ஜிம் ஒரு கடிதம் எழுதினான். வயசு 12. எங்கப்பாவுக்கு வீடு வரைஞ்சு கொடுத்தீங்க, என் நாய்க்கும் ஒண்ணு வரைஞ்சு கொடுங்க என்பதுதான் கேள்வி. கட்டுறதுக்குச் சுலபமா இருக்கணும், எங்க வீட்டோட பொருந்தியும் இருக்கணும். நாயோட பேரு எட்வர்ட், கூப்பிடுறது எடி. லேப்ரடார் ரகம், நாலு வயசு, இரண்டரை அடி உயரம், மூணு அடி நீளம். முக்கியமா குளிர்காலத்துக்காகத்தான் வேணும். பேப்பர் போட்டுச் சம்பாதிக்கிற காசு இருக்கு, அதுலயிருந்து ஃபீஸ் கொடுத்துடுறேன்னும் எழுதியிருந்தான்.

நான் சாஃப்ட்வேர் வேலையில ஆறு வருஷமா இருக்கேன். இவ்வளவு தெளிவான ஒரு ரிக்வயர்மென்ட் டாக்குமெண்ட்டை எந்தக் கிளையண்ட்டும் எனக்கு அனுப்பினதில்ல. யார் உபயோகிக்கப் போறாங்க, என்ன அளவு, எந்தப் பருவத்துக்கு, எவ்வளவு பட்ஜெட், ஏற்கெனவே இருக்கிறதோட எப்படிச் சேரணும், எல்லாம் ஒரே பக்கத்துல.

ரைட் பதில் போட்டார். எடிக்கு ஒரு வீடு என்பது நல்ல வாய்ப்பு, ஆனா இப்போ வேலை நெருக்கடி, நவம்பர்ல அரிசோனாவுல இருக்கிற என் முகவரிக்கு எழுதுன்னு சொன்னார். பையன் மறக்கல. நவம்பர் 1ஆம் தேதி அடுத்த கடிதத்தைப் போட்டுட்டான். ரைட்டும் மறக்கல. முழு வரைபடமும் வந்துச்சு. தலைப்பு, எடியின் வீடு. ஃபீஸ் வாங்கல.

வரைபடத்துல இருந்தது ஒரு முக்கோண வீடு. தாழ்வான கூரை, அது சுவரைத் தாண்டி நல்லா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பெரிய வீட்டோட கோணங்கள் எல்லாம் சின்ன அளவுல இதுலயும் இருந்துச்சு. ரைட் வடிவமைச்சதுலயே ரொம்பச் சின்னக் கட்டடம்னு இதைச் சொல்வாங்க. மரம் என்ன மரம்? பெரிய வீடு கட்டினப்போ மிஞ்சின பிலிப்பைன்ஸ் மஹோகனித் துண்டும் சீடார் மரத் துண்டும். அதாவது, எங்க பின்கட்டுல கிடந்த வேப்பமரக் கதவு மாதிரியான சமாச்சாரம்தான்.

கட்டினாங்க, ஆனா…

வரைபடம் வந்துச்சு. வீடு வரல. ஜிம் வளர்ந்தான், ராணுவத்துக்குப் போனான். கடைசியில 1963ல அப்பாவும் தம்பியும் சேர்ந்து மிச்ச மரத்தை வெச்சு அதைக் கட்டி முடிச்சாங்க. ரைட் 1959லயே காலமாயிட்டார். நாலு வயசு நாய்க்குக் கேட்ட வீடு ஏழு வருஷம் கழிச்சு வந்துச்சு. நாய்க் கணக்குல ஏழு வருஷம்ங்கிறது பாதி ஆயுசுக்கு மேல.

வந்த வீட்டுக்குள்ளயும் நாய் போகல. கூரை ஒழுகுச்சு. பெரிய வீட்டுக்குள்ள இருக்கிற கதகதப்பை விட்டுட்டு ஒழுகுற கூரைக்குக் கீழ போய்ப் படுக்க அதுக்கு விருப்பமில்ல. ரைட்டோட வீடுகள் ஒழுகும்ங்கிறது கட்டடக் கலை உலகத்துல பழைய கிண்டல். ஒரு பணக்காரர் விருந்துக்கு நடுவுல ஃபோன் போட்டு, "என் தலையிலேயே சொட்டுது"ன்னாராம். "நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கோங்க"ன்னு ரைட் சொன்னாராம். நடந்ததோ இல்லையோ, இன்னைக்கும் சொல்ற கதை. நாற்காலியைத் தள்ளிப் போட நாய்க்கு வழி இல்ல. அது தன்னையே தள்ளிக்கிச்சு.

1970ல ஜிம்மோட அம்மா அந்த நாய் வீட்டைத் தூக்கிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ரைட் கட்டின ஒரு கட்டடம்! ஆனா அந்தம்மாவைக் குறை சொல்ல முடியுமா? அவங்களுக்கு அது முற்றத்தை அடைச்சுக்கிட்டு யாருக்கும் உதவாம நின்ன ஒரு மரப்பெட்டி. எங்கம்மா மாதிரியே, இடத்தைக் காலி பண்ணியிருக்காங்க.

கதை இதோட முடியல. ஜிம் பெரியவராகி மரவேலைக்காரர் ஆனார். 2010ல, ரைட்டோட கலிஃபோர்னியா வேலைகளைப் பத்தின ஒரு ஆவணப்படத்துக்காக, அவரும் தம்பி எரிக்கும் அதே வரைபடத்தை வெச்சு எடியின் வீட்டை மறுபடி செஞ்சாங்க. 2016ல அதை மரின் கவுண்டிக்கே கொடுத்துட்டாங்க. கவுண்டி அலுவலகக் கட்டடத்துல அதைக் காட்சிக்கு வெச்சாங்க. அந்தக் கட்டடமும் ரைட் வரைஞ்சதுதான். ஆக, நாய்க்குப் பிடிக்காம குப்பைக்குப் போன வீடு மனுஷங்க பார்க்கிற காட்சிப்பொருளாத் திரும்பி வந்துச்சு. நாய் அதுல தூங்கினதே இல்ல.

இந்த இடத்துல எனக்கு ஒண்ணு உறைச்சுது. ஜிம்மோட கடிதத்துல எல்லாம் இருந்துச்சு. எடி இப்போ எங்க படுக்குது, ஏன் அங்க படுக்குதுங்கிற ஒரே ஒரு விஷயம்தான் இல்ல. அந்தக் கேள்வியை நானும் கேட்கல. சரி, நாய் எங்க படுக்கும்? அதுக்கு இன்னும் கொஞ்சம் பின்னாடி போகணும்.

கேட்ல தொங்குற போர்டு

அஸ்தம்பட்டியில நடந்து பாருங்க. ஒரு காலத்துல வெள்ளைக்கார அதிகாரிகள் பங்களா போட்டுக் குடியிருந்த பகுதி. அந்தப் பழக்கத்துல இன்னைக்கும் இங்க மதிலும் கேட்டும் கொஞ்சம் அதிகம். பத்து கேட்ல மூணு நாலுல ஒரு போர்டு தொங்கும்: நாய்கள் ஜாக்கிரதை. சில வீட்டுல நாயே இருக்காது, போர்டு மட்டும் இருக்கும்.

இந்த போர்டுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்ட வயசு. இத்தாலியில, கி.பி. 79ல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன பாம்பேய் நகரத்துல, ஒரு வீட்டு வாசல் தரையில சின்னச் சின்னக் கல்லை ஒட்டி ஒரு நாய்ப் படம் பண்ணியிருக்காங்க. சங்கிலி கட்டின நாய். கீழ லத்தீன் மொழியில அதே எச்சரிக்கை. அதே ஊர்ல இன்னொரு வீட்டுல, 1874ல தோண்டினப்போ, நிஜ நாய் ஒண்ணு இருந்த இடம் கிடைச்சுது. உடம்பு மக்கிப்போய் சாம்பலுக்குள்ள வெறும் பள்ளமா இருந்துச்சு. அதுல பிளாஸ்டர் ஊத்தி எடுத்தா, முதுகு வளைஞ்சு, கால் மேல தூக்கின ஒரு நாய். கழுத்துப் பட்டையும் அப்படியே. எரிமலை வெடிச்சப்போ வீட்டுக்காரங்க போயிட்டாங்க, இதை அவிழ்த்து விட யாரும் இல்ல. அந்த பிளாஸ்டர் உருவத்தோட படத்தை ஒரு தடவை பார்த்தவங்களுக்கு மறக்காது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். சேலத்துலயிருந்து அரூர், தண்டராம்பட்டு வழியா திருவண்ணாமலை போற பக்கம் எடத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல் இருக்கு. முதலாம் மகேந்திரவர்மனோட 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவகத்திங்கிற வீரன் தன் எருமைகளுக்காக நடந்த சண்டையில செத்துட்டான், அவனுக்கு எடுத்த கல் அது. கல்லுல அவன் பக்கத்துல ஒரு நாய். அந்த நாய்க்குத் தனியா ஒரு குறிப்பு வட்டெழுத்துல வெட்டியிருக்காங்க: பேரு கோவிவன், கள்ளர் ரெண்டு பேரைக் கடிச்சுட்டு, அங்கேயே காத்து நின்னுச்சாம்.

ஒரு நாயோட பேரு சுமார் 1400 வருஷமா கல்லுல நிக்குது. அந்தக் காலத்துல அந்த ஊர்ல இருந்த எத்தனை மனுஷங்களோட பேரு நமக்குத் தெரியும்? பாம்பேய் நாய்க்கு சங்கிலி இருந்துச்சு, பேரு தெரியல. கோவிவனுக்குப் பேரு இருக்கு. அது நின்னது பட்டியில, எருமைகளுக்கும் ஆளுக்கும் பக்கத்துல.

இதையெல்லாம் ஒண்ணா வெச்சுப் பார்த்தப்போதான் செவலை ஏன் வாசப்படிக்குப் போச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது. நாய் படுக்கிறதுக்குத் தேர்ந்தெடுக்கிற இடத்துலயிருந்து ரெண்டு விஷயம் தெரியணும். உள்ள இருக்கிறவங்க நடமாட்டம் காதுல விழணும், வர்றவங்க கண்ணுல படணும். திண்ணை இருந்த காலத்துல திண்ணைக்கு அடியில படுத்துச்சு. திண்ணை போனப்புறம் வாசப்படி, நிறுத்தி வெச்ச பைக்குக்கு அடியில, மாடிப்படிக்கு அடியில. நான் அதைக் கொண்டு போய் யாரும் வராத பின்மூலையில வெச்சேன். நான் கட்டினது அதுக்கான வீடுன்னு நினைச்சேன். உண்மையில அது எங்க முற்றத்தை அழகா வெச்சுக்கிறதுக்கான ஏற்பாடு.

இது எங்க வீட்டோட மட்டும் நிக்கிற பிரச்சனை கிடையாது. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி, டெல்லியிலயும் சுத்துப்பட்டுலயும் இருக்கிற தெருநாய்களைப் பிடிச்சுக் காப்பகங்கள்ல வைக்கணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ஆகஸ்ட் 22ஆம் தேதி மூணு நீதிபதிகள் அமர்வு அதை மாத்துச்சு. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடிச்ச பகுதியிலேயே திரும்ப விடணும், வெறிநோய் இருக்கிறதும் மூர்க்கமானதும் மட்டும் விதிவிலக்குன்னு சொல்லுச்சு. பிடிச்சு ஆபரேஷன் பண்ணித் திரும்ப விடுற வழி நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. சென்னையில ப்ளூ கிராஸ் இதை 1964லேயே முன்வெச்சுது. மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டது 1996ல. இடையில 32 வருஷம்.

நாய்க்கடியும் ரேபிஸும் நிஜமான பயம். எங்க சந்துலயே சின்னப் பிள்ளை வெச்சிருக்கிற ஒரு அக்கா, "தம்பி, அதை உள்ள கட்டிப் போடு, இல்ல எங்கயாச்சும் விட்டுட்டு வா"ன்னு என்கிட்ட சொன்னாங்க. அவங்க பயத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். செவலையோட தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். வருஷா வருஷம் ஊசி போட்டுடுறேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். ஆனா "எங்கயாச்சும்"னு ஒரு இடம் கிடையாது. அந்த எங்கயாச்சுமும் வேற ஒருத்தரோட சந்துதான்.

மிஞ்சினதை வெச்சுக் கட்டுறது

சரி, வீட்டுக்கு வருவோம். இடம் தப்புன்னு தெரிஞ்சுது. வீட்டுலயும் தப்பு இருந்துச்சு.

நான் எடுத்த பிளான் பனி பெய்யுற ஊருக்கானது. அங்க நாய் வீடு ஏன் சின்னதா இருக்குன்னா, நாயோட உடம்புச் சூடே உள்ள தங்கி அதைக் கதகதப்பா வைக்கணும். அதனாலதான் சுத்தி அடைச்ச சுவர், சின்ன வாசல். சேலத்துல சித்திரை வைகாசியில 40 டிகிரி தாண்டும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். அதைத் தகரக் கூரை போட்ட பெட்டிக்குள்ள போகச் சொன்னா எப்படிப் போகும்? நானே மத்தியானம் கையை உள்ள விட்டுப் பார்த்தேன். அடுப்பு மாதிரி இருந்துச்சு.

இதுக்கு வழி சொன்னவர் நம்ம பக்கத்து மாநிலத்துல வாழ்ந்த லாரி பேக்கர். 1917ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்துல தங்கி, 2007ல அங்கேயே காலமானவர். இடிச்ச வீடுகளோட கதவு, ஜன்னல், உடைஞ்ச ஓடு, காலி பாட்டில், எதையும் அவர் வீணாக்கல. அதைப் பார்த்து யாரும் ஏழை வீடுன்னு சொல்ல முடியாது. அவரால பரவலான ஒரு முறை, கான்கிரீட் கூரைக்குள்ள மங்களூர் ஓட்டைப் புதைக்கிறது. கூரைப் பலகையோட கீழ்ப்பாதியில கான்கிரீட் பெருசா பாரம் தாங்காது, கம்பிதான் தாங்கும். அப்போ அந்த இடத்துல விலை அதிகமான கான்கிரீட் எதுக்கு? ரெண்டு ஓட்டைச் சேர்த்து வெச்சா செலவும் குறையும், நடுவுல இருக்கிற காத்து வெயில் உள்ள இறங்குறதையும் தடுக்கும்.

எங்க பின்கட்டுல கிடந்ததும் அதே ஓடுதான். மங்களூர்ல 1865ல பாசல் மிஷன்காரங்க முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினாங்க. அங்கிருந்து இந்த ஓடு தென்னிந்தியா முழுக்கப் பரவுச்சு. ஒவ்வொரு ஓட்டுலயும் எந்தத் தொழிற்சாலைன்னு முத்திரை அழுத்தியிருக்கும். தாத்தா வீட்டு ஓட்டை நான் திருப்பிப் பார்த்ததே இல்ல. நாய் வீட்டுக்காகத்தான் முதல் தடவையா பாசியைத் தேய்ச்சுக் கழுவி, அந்த எழுத்தைப் படிச்சேன்.

மிச்ச சாமான்ல கட்டப்போறவங்களுக்கு நான் கத்துக்கிட்ட மூணு விஷயம். பேலட் மரம் பழைய சாமான் கடையில மலிவாக் கிடைக்கும், ஆனா முத்திரையைப் பாருங்க. நாடு விட்டு நாடு போற மரத்துல பூச்சி போகக் கூடாதுன்னு 2002ல ஒரு சர்வதேச விதி வந்துச்சு. அதன்படி "எச்.டி."ன்னு இருந்தா சூடு பண்ணின மரம், எடுத்துக்கலாம். "எம்.பி."ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடுங்கிற விஷவாயு அடிச்சது, வேண்டாம். ரெண்டாவது, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்காதீங்க, உடைக்காதீங்க. அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா பல வருஷம் கழிச்சுப் புற்றுநோய் வரைக்கும் கொண்டு விடும். மூணாவது, பழைய பெயிண்ட் அடிச்ச பலகையில ஈயம் இருக்கலாம், நாய் கடிச்சுக் கொறிக்கும். நான் வெளிப்பக்கத்தைத் திருப்பி வெச்சாப் போதும்னு நினைச்சேன். எங்க தெரு ஆசாரி அண்ணன்தான், "உள்ள வெச்சா நக்கும், வெளிய வெச்சா கடிக்கும், மாத்திடு தம்பி"ன்னு சொல்லி, பெயிண்ட் படாத பலகையா பார்த்துத் தேடிக் கொடுத்தார்.

செவலையின் வீடு, ரெண்டாவது தடவை

மறுபடி பிரிச்சேன். இந்தத் தடவை பிளான் எதையும் திறக்கல. ஒரு வாரம் செவலை எங்க படுக்குது, எந்த நேரத்துல படுக்குதுன்னு மட்டும் குறிச்சு வெச்சேன். காலையில கேட் பக்கம் வெயில்ல. மத்தியானம் மாடிப்படிக்கு அடியில, அந்த இடத்துலயேதான். ராத்திரி வாசப்படியில, தலையைக் கதவுப் பக்கம் வெச்சு.

வாசப்படியை ஒட்டி, தெருவும் தெரியுற மாதிரி ஒரு இடம் பார்த்தேன். கீழ செங்கல் அடுக்கி முக்கால் அடி உயர்த்தினேன், தண்ணி ஏறக் கூடாதுன்னு. மேல கடப்பா கல் தளம், வெயில் காலத்துல குளிர்ச்சியா இருக்கும். மழைக்காலத்துல அது சில்லுன்னு இருக்குமேன்னு பலகையும் மேல சாக்கும். ரெண்டு பக்கம் மட்டும் பலகைச் சுவர், சாரல் அடிக்கிற பக்கம். மீதி ரெண்டு பக்கம் திறந்தே விட்டேன். கூரைக்கு ஓடு, நல்லா சரிவா, முன்னாடி ஒண்ணரை அடி நீட்டி. ரைட்டோட வரைபடத்துலயிருந்து அந்த நீட்டலை மட்டும் எடுத்துக்கிட்டேன், தாழ்வான சரிவை எடுத்துக்கல. செலவு, ஆணிக்கும் ஆசாரி அண்ணன் டீக்கும்தான். கூலி வாங்க மாட்டேன்னுட்டார்.

முதல் ரெண்டு நாள் செவலை அதைக் கண்டுக்கல. மூணாவது நாள் மத்தியானம் மேல ஏறி நின்னு பார்த்துச்சு. நாலாவது நாள் ராத்திரி மழை வந்துச்சு. நான் கால்ல இருந்தேன், ஆனா ஹெட்போன்ல ஒரு காதுதான். பதினொண்ணரைக்கு ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். செவலை உள்ள சுருண்டு படுத்திருந்துச்சு, தலை எங்க கதவைப் பார்த்து. பக்கத்துல எங்கயிருந்தோ வந்த ஒரு கறுப்பு நாயும் இருந்துச்சு. அதுக்கு நான் கட்டல, ஆனா இடம் பத்துச்சு.

மழை இல்லாத ராத்திரியில செவலை இன்னும் வாசப்படியிலதான் படுக்குது. அம்மா, "இதுக்குத்தானா இவ்வளவு பாடு?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, வருஷத்துல ஒரு நாப்பது ராத்திரிக்குத்தான். எனக்கு அது போதும்.

மீதி ஓடு இருபதும் ஒத்தைக் கதவும் இன்னும் கிடக்கு. அஸ்தம்பட்டி பக்கம் யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்கோங்க, இலவசம்தான். ஆனா கட்டுறதுக்கு முன்னாடி உங்க தெரு நாய் எங்க படுக்குதுன்னு ஒரு வாரம் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.